நெய்தவளின் பெயரையும் பாஸ்புத்தகத்தில் எழுதுங்கள்

கைத்தறி நெசவாளர் சங்கங்களை நடத்துகிற நிர்வாகிகளுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து கணக்குப் பார்க்கிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஜமக்காளத் தறியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகலமான ஜமக்காளத்தை ஒரே ஆள் நெய்ய முடியாது. குழித்தறியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக்கட்டையை ஒருவர் தள்ள, அடுத்தவர் வாங்கித் திருப்பிவிட வேண்டும், ஒருவர் கால் பிசகினாலும் வேலை நின்றுவிடும். பவானிப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா, இருபத்தாறு வருஷம். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அம்மா குழியில் இறங்குவதற்குள் அன்றைக்கு வேண்டிய தார் முழுக்க, அதாவது நாடாவுக்குள் வைக்கும் குறுக்கு நூல் முழுக்க, ராட்டையில் சுற்றி வைத்திருப்பார். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு, அதைப் பிணைப்பதும் அவர்தான். சங்கத்துப் பாஸ்புத்தகத்தில் மட்டும் ஒரே பெயர், அப்பாவுடையது.

போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்த பிறகு, தறியில் இருந்த பாவு வீணாகிவிடக் கூடாதென்று பக்கத்து வீட்டு அத்தையை இடப்பக்கம் உட்காரவைத்து மிச்சத்தை நெய்து முடித்து, சரக்கைச் சுமந்துகொண்டு அம்மா சங்கத்துக்குப் போனார். சரக்கை எடுத்துக்கொண்டார்கள். கூலி கேட்டால், "உறுப்பினர் அவருதானுங்கம்மா, வாரிசுச் சான்று கொண்டாங்க" என்றார்கள். சரி, அடுத்த பாவாவது கொடுங்கள் என்றதற்கு, "நீங்க நெசவாளர்னு எங்க கணக்குல இல்லீங்களே" என்று பதில் வந்தது.

அம்மாவின் வலது கட்டைவிரலில் நாடா பட்டுப் பட்டு ஏறிய காய்ப்பு இருக்கிறது, கறிவேப்பிலை உருவும்போதுகூடத் தட்டும். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அஞ்சு மாதமாகச் சான்றுக்கும் தீர்மானத்துக்கும் அலைகிறோம். அம்மா இப்போது அடுத்தவர் தறிக்கூடத்தில் கூலிக்கு உட்கார்கிறார். எங்கள் தறி பாவில்லாமல் கிடக்கிறது, குழியில் ஊறிய மழைத்தண்ணீரை நான்தான் இறைத்தேன்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒரு தறியில் இரண்டு பேர் நெய்தால் இரண்டு பேரையும் உறுப்பினராக எழுதுங்கள், நெய்கிற பெண்ணின் பங்குக் கூலியை அவள் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்று வந்தது. அதில் தறியில் உட்காருகிறவர்களை மட்டும் எண்ணவில்லை, தார் சுற்றுவது, பாவு ஓடுவது போன்ற துணை வேலை செய்கிறவர்களையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். டெல்லிக் கணக்கில் தொழிலாளியாக இருக்கிற ஒரு பெண் உள்ளூர்ச் சங்கத்துக் கணக்கில் யாருமில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? 2015இலிருந்து ஆகஸ்ட் 7ஐக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம், அன்றைக்கு வைக்கிற தட்டியில் தறியில் உட்கார்ந்திருப்பது அநேகமாக ஒரு பெண்தான். படத்துக்கு வேண்டியவள் பாஸ்புத்தகத்துக்கு வேண்டாமா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. விசைத்தறியில் நெய்யக் கூடாதென்று கைத்தறிக்கே ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று, அப்படி ஒதுக்குகிற 1985ஆம் வருஷத்துச் சட்டம் இன்றும் இருக்கிறது, பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்கிறது. கேட்டால் விலை குறைவு என்கிறார்கள், விலை குறைந்தால் முதலில் குறைவது எங்கள் கூலிதானே. கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறீர்கள், அதற்கு நன்றி உண்டு, ஆனால் பாவே வராத தறிக்கு மேலே விளக்கு எரிந்து என்ன பயன்?

அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போதைக்கு இந்த ஒன்றைச் செய்து கொடுங்கள். வீட்டுக்காரர் இருக்கும்போதே மனைவியையும் உறுப்பினராகச் சேருங்கள். இறந்துபோன உறுப்பினரோடு சேர்ந்து நெய்தவளுக்கு, சான்று வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல் பாவும் நூலும் உடனே கொடுங்கள். கூலியை அவள் கணக்கில் போடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு வர வேண்டிய அந்தக் கூலி பாக்கியையும் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரம்மாவின் மகள்