சின்னவனின் காலும் உங்கள் சங்கக் காசும்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மாமிக்குக் கண் ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது பேப்பரில் மரண அறிவித்தல்களை ஒன்று விடாமல் வாசித்து, தனக்குத் தெரிந்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறா. நீ அனுப்பிய சொக்லேட் பெட்டி வந்தது. அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறா என்று பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது.

மாத முடிவில் உங்கள் சங்கக் கூட்டம் என்று நெட்டையன் சொன்னான். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து வேறு கதைக்குப் போய்விடுவாய். ரியூஷன் கொட்டில் காலத்திலிருந்து உனக்கு அதுதானே வேலை.

மிதிவெடியில் காலை இழந்த எங்கள் சின்னவனின் பொய்க்கால் பிளந்துவிட்டது. கன நாளாகவே கீறல் இருந்திருக்கிறது. பழைய சேர்ட் துணியைச் சுற்றிச் சமாளித்திருக்கிறான். அது உரசி, மிச்சக் காலில் புண். அவனுக்குச் சீனி வருத்தமும் இருப்பது உனக்குத் தெரியும். நான் பார்த்தபோது புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ஏனடா இவ்வளவு நாளும் போகவில்லை என்று கத்தினேன். "அளவெடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், நடந்து பழக இன்னும் சில நாள். அத்தனை நாளும் கூலி போகும், பஸ் காசும் போகும்" என்றான். புதுக் காலுக்கு அவனிடம் யாரும் காசு கேட்கவில்லை, மச்சான். அங்கே போய்வரத்தான் அவனிடம் வழியில்லை.

பொய்க்கால் செய்து கொடுக்கும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கு நானே கூட்டிப் போனேன். 1987இல் தொடங்கிய இடம். சண்டை நடந்த காலம் முழுக்க எத்தனை பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறது! மிச்சக் காலில் ஈரச் சாந்துத் துணியைச் சுற்றி அச்செடுக்கிறார்கள். அந்த அச்சில் வார்த்த சாந்துக் காலை அரத்தால் ராவி ராவி, எங்கே எலும்பு முட்டும், எங்கே பாரம் தாங்கும் என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் சூடாக்கிய பிளாஸ்டிக்கை இழுத்துப் போர்த்துகிறார்கள். ஒரு நூல் பிசகினால் அந்த இடத்தில் புண் வரும். பக்கத்து வாங்கில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் இருந்தான். பிறவியிலேயே கால் இல்லாதவன். வளர்கிற பிள்ளைக்குப் போன வருடத்துக் கால் இந்த வருடம் காணாது என்று அவன் தாய் சொன்னா. பெரியவர்களுக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். உடம்பு மெலிந்தால் பொய்க்காலின் கூடு தளரும், பெருத்தால் இறுகும்.

போகிற வழியில் முகமாலையில் பஸ் மெதுவாகப் போனது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்ததிலிருந்து 2009 தொடக்கம் வரை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று இரண்டு பக்கமும் காவலரண் போட்டு இருந்த இடமல்லவா? மிதிவெடியைப் பயிர் மாதிரி விதைத்து வைத்தார்கள். 2002இலிருந்து மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்டும் மாக் நிறுவனமும் வடக்கில் வேலை செய்கின்றன. பிறகு டாஷ், ஷார்ப் என்று எங்கள் நாட்டு நிறுவனங்களும் வந்தன. மண்ணில் ஷெல் துண்டுகள் நிறைந்த இடங்களில் டிடெக்டர் எதற்கெடுத்தாலும் சத்தம் போடும். அப்படியான இடத்தில் மண்ணை விறாண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வெயிலில், முகத்துக்குக் கவசம் போட்டு முழங்காலில் இருந்து சுரண்டுகிறவர்களில் கன பேர் பெண்கள். கணவனைச் சண்டையில் இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அந்த வேலைக்கு அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான், நோர்வே என்று அரசாங்கங்கள் காசு தந்தன. அது நல்ல காசு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை 90 நாளைக்கு நிறுத்தியபோது, அந்தக் காசில் நடந்த வெடி அகற்றும் வேலைகள் உலகெங்கும் நின்றன. யுக்ரேனில் சண்டை தொடங்கியபின் வெடி அகற்றும் காசில் கணிசமான பங்கு அங்கே போகிறது. அங்கேயும் சனம்தான் சாகிறது, போகட்டும். மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி 2028 ஜூனுக்குள் முழுவதும் அகற்றி முடிக்க வேண்டும்.

ஒரு நாள் கடைசி வெடியையும் எடுத்துவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன். எச்சரிக்கைப் பலகைகளைப் பிடுங்கி, காணியைக் கையளித்து, படமும் எடுப்பார்கள். காசு தந்தவர்களும் வேலை முடிந்தது என்று கணக்கை மூடுவார்கள். அதற்குப் பிறகும் சின்னவனுக்குக் கால் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். காயப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்று அதே உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் இந்த விடயத்துக்கு வரும் காசில் பத்தில் ஒரு பங்குகூடக் காயப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. நிலத்தை இத்தனை ஏக்கர் என்று அளந்து காட்டலாம். ஒரு மனிதன் சாகும்வரை வலியில்லாமல் நடந்தான் என்பதை எந்த வருடாந்த அறிக்கையில் போடுவது? எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் சங்கக் காசு. பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்டப் போகிறீர்களாம். கட்டுங்கள், ஆனால் கொஞ்சம் சின்னதாகக் கட்டுங்கள். மிச்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால், முதலைத் தொடாமல் வட்டியில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பஸ் காசும், போன நாட்களுக்குக் கூலியும் கொடுக்கலாம். கால் எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போய்வர முடியாமல்தான் துணி சுற்றிக்கொண்டு இருக்கிறார்கள். ஆட்களின் விவரம் கிராம அலுவலரிடம் இருக்கிறது. கணக்குப் பார்க்க எங்கள் கணக்கு வாத்தியார் சம்மதித்திருக்கிறார். அவரிடம் ஒரு சதம் பிசகாது, அது உனக்குத் தெரியாததா!

வருடா வருடம் படம் அனுப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். 2002இல், சண்டை நின்றுவிட்டது என்று நம்பி விறகுக்குப் போன இடத்தில்தான் சின்னவனுக்கு மிதிவெடி வெடித்தது. அதற்குப் பிறகு எத்தனை பேர் அவனைக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவன் இனி மாட்டேன் என்கிறான்.

வாலிபோல் நெட் விடயத்தில் நீ சொன்னது பொய்தான் என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நெட்டையனும் அவன் பக்கம். புண் இப்போது காய்கிறது. அது முழுக்க ஆறினால்தான் புதுக் காலைப் போடலாமாம்.

கூட்டத்தில் யார் எதிர்த்துப் பேசினார்கள் என்று எனக்கு எழுது. தலைவரோடு நான் நேரே கதைக்கிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்,
பளை