ஊருக்கு வந்ததும் பாடுகிறேன் என்றாயே

அன்புள்ள கயல்,

மாண்ட்ரியலில் உன் மேல்வீட்டு ஹைட்டிக்கார அக்கா கேட்கும் பாட்டு என்று லிங்க் அனுப்பியிருந்தாயே, மார்த்தா ஜான் குளோது? பாட்டோடு நிற்காமல் அந்தம்மாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். போனில் சொன்னால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

1919இல் ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். சிறுமியாகத் தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். அந்தப் பாட்டோடு கௌரவமாக இருந்திருக்கலாம். 1940களின் தொடக்கத்தில் நாட்டுப்புறப் பாட்டுப் பக்கம் திரும்பினார். ஹைட்டி ஜனங்கள் பேசும் கிரயோல் மொழியில், அவர்களுடைய வோடூ வழிபாட்டு முரசுத் தாளத்தில். அது எப்பேர்ப்பட்ட காலம் தெரியுமா? 1941-42இல் கத்தோலிக்கத் திருச்சபை, மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்று ஊர் ஊராகப் போய் அந்த முரசுகளைக் கொளுத்தியது. அரசாங்கமும் துணை நின்றது. படித்தவர்கள் வீட்டில் பிரெஞ்சுக்குத்தான் மதிப்பு.

1952இல் அவர் எழுதிய 'அவ்ரினெத்' நாடகம் ஜனாதிபதி மக்லுவாருக்கு ஆகவில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் சிறையில் போட்டார்கள். பிரசவ நேரம் நெருங்கிய பிறகுதான் விட்டார்கள். கணவர் விக்டர் மிரபால் கியூபாக்காரர், பத்திரிகையாளர். மார்த்தா கியூபாவின் ஹவானாவுக்குப் போய்விட்டார்.

அங்கே கியூபப் பாடகி செலியா குரூஸோடு சேர்ந்து 'ஷூகூன்' பாடியிருக்கிறார். முதலில் அதைக் கேள். ஓஸ்வால்ட் துரான் 1883இல் சிறையிலிருந்து எழுதிய கவிதை அது. 1893இல் மோந்தோன் மெட்டமைத்தார். ஷூகூன் என்ற அழகி ஒரு வெள்ளைக்காரனோடு போய்விடுகிறாள். 'என் கால் இரண்டும் சங்கிலியில்' என்று காதலன் புலம்புகிறான். இதே மெட்டைத்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் 'யெல்லோ பேர்ட்' ஆக்கினார்கள். சங்கிலியும் இல்லை, ஷூகூனும் இல்லை; வாழைமரத்தில் ஒரு மஞ்சள் குருவி உட்கார்ந்திருக்கிறது! எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சிறைக்குப் போய்வந்தவள் வாயால் அந்தச் சங்கிலி வரியைக் கேட்டபின் குருவியை யார் கேட்பார்கள்?

1956இல் மக்லுவார் விழுந்தார். இனி ஊர் திரும்பலாம் என்று மார்த்தா நினைத்திருப்பார், பாவம். மறுவருஷமே சர்வாதிகாரி துவாலியே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு மகன். 1986இல் அந்த மகன் ஓடிய பிறகுதான் ஹைட்டியில் கால் வைத்துப் பாட முடிந்தது. அப்போது வயது அறுபத்தேழு. இடையில் முப்பத்து நாலு வருஷம்!

அத்தனை வருஷமும் ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் கிரயோலில் பாடினார். மேடையில் பாடினார், ரெக்கார்டு கொடுத்தார், 1974இல் உம்பெர்த்தோ சொலாஸ் எடுத்த 'சிம்பரெலே' படத்தில் ஹைட்டியின் சரித்திரத்தையே பாடினார். பெற்ற பிள்ளைகளும் கூட வாசித்தார்கள். 2001இல் ஹவானாவிலேயே காலமானார்.

"இங்க யாரும்மா இதைக் கேட்கப்போறா, ஊருக்கு வந்ததும் பாடுறேன்" என்று உன் பாட்டைப் பற்றித் தீபாவளிக்குச் சொன்னாய். ஊருக்கு எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. விசா விஷயம் எனக்கும் தெரியும். கேட்க ஆளில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேல்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் பாட்டை நீ கேட்டாய் அல்லவா?

எதிர்வீட்டு மாமா பையன் அடுத்த மாதம் டொராண்டோ வருகிறான். உன் சுருதிப் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, துடைத்து வைத்தாயிற்று. பருப்புப்பொடியும் வரும்.

அம்மா