சூடு தாங்காத அறுவைக் கருவிகளுக்குப் பிளாஸ்மா கிருமிநீக்க இயந்திரம் கோரும் மனு

அனுப்புநர்:
கிருமிநீக்கப் பிரிவுச் செவிலியர்கள் மற்றும் பணியாளர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் துறை.

பொருள்: ஹைட்ரஜன் பெராக்சைடு வாயு பிளாஸ்மா இயந்திரமும் அதற்கான தொடர் பொருட்களும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அறுவை அரங்கில் பயன்படும் ஒவ்வொரு கருவியும் எங்கள் கை வழியாகத்தான் அடுத்த நோயாளிக்குப் போகிறது. கத்தரி, கிடுக்கி போன்ற எஃகுக் கருவிகளைப் பற்றிக் கவலையில்லை. ஆட்டோகிளேவில் 134 டிகிரி நீராவி அவற்றைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் கவலையெல்லாம் சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி கேமரா, அதன் கேபிள், சூடு பட்டால் கெட்டுவிடும் லென்ஸ் கருவிகள் ஆகியவற்றைப் பற்றித்தான்.

இவற்றுக்கு இப்போது இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று எத்திலீன் ஆக்சைடு வாயு. கிருமியைக் கொல்வதில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயுவில் சில மணி நேரம் வைத்த பிறகு, கருவியில் ஊறிய வாயு வெளியேற மேலும் 8 முதல் 12 மணி நேரம் ஆகிறது. காலையில் பயன்படுத்திய கேமரா மறுநாள்தான் கிடைக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் வகைப்படுத்திய வாயு அது. அந்த அறையில் பணி செய்பவர்கள் நாங்கள்.

இன்னொன்று 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசல். 20 நிமிடத்தில் சாதாரண பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் ஸ்போர்கள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் பாக்டீரியா வடிவங்கள், சாகப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். அண்மையில் ஓர் அவசர அறுவைக்கு 20 நிமிடத்திலேயே கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நோயாளி நலமாக வீடு திரும்பினார். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க எங்கள் செவிலியர் ஒருவர் மூன்று நாள் வார்டுக்கு நடந்தார்.

பிளாஸ்மா இயந்திரம் இந்த இக்கட்டைத் தீர்க்கும். உள்ளறையின் காற்றை உறிஞ்சிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாகச் செலுத்துகிறார்கள். ஆவி மூலைமுடுக்கெல்லாம் பரவி கிருமிகளைத் தாக்குகிறது. பிறகு ரேடியோ அலை ஆற்றலைப் பாய்ச்சினால் அது பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவாக, மாறுகிறது. அப்போது பிறக்கும் ஹைட்ராக்சில் போன்ற துடிப்பான மூலக்கூற்றுத் துண்டுகள் பாக்டீரியாவின் சவ்வையும் நொதிகளையும் மரபுப்பொருளையும் சிதைக்கின்றன. வெப்பம் ஏறக்குறைய 50 டிகிரிதான். இயந்திர வகையைப் பொறுத்து அரை மணி முதல் ஒன்றேகால் மணிக்குள் வேலை முடிகிறது. மிஞ்சுவது நீரும் ஆக்சிஜனும் என்பதால் வாயு வெளியேறக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதனால் எல்லாம் முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. துணி, பஞ்சு, காகிதம் ஆகியவை பெராக்சைடை உறிஞ்சிவிடும். அவற்றை உள்ளே வைக்கக் கூடாது. திரவமும் பொடியும் ஆகாது. மிக நீளமான, குறுகலான குழாய்களின் உட்பக்கம் ஆவி போய்ச் சேருமா என்பதை இயந்திரத்தின் வரம்பு பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே எத்திலீன் ஆக்சைடு இயந்திரத்தை உடனே அகற்ற வேண்டாம். அந்த அறையின் காற்றோட்டத்தை மட்டும் சரிசெய்து தர வேண்டுகிறோம்.

கருவியில் ஈரம் இருந்தால் சைக்கிள் பாதியில் நின்றுவிடும். ரத்தக் கறை இருந்தால் அதன் அடியில் கிருமி தப்பிக்கும். எனவே இயந்திரத்தோடு கருவி உலர்த்தும் அழுத்தக் காற்று வசதி, பெராக்சைடு கேசட்டுகள், ஆவி புகக்கூடிய டைவெக் உறைகள், கிருமிகள் உண்மையில் செத்தனவா என்று காட்டும் ஸ்போர் சோதனைக் குப்பிகள் ஆகியவையும் தடையின்றி வர வேண்டும். கேசட் தீர்ந்துபோனால் இயந்திரம் வெறும் பெட்டிதான். ஆண்டுதோறும் இதற்கெனத் தனி ஒதுக்கீடும், மூன்று ஷிப்டுப் பணியாளர்களுக்கும் பயிற்சியும் அளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கருவி தயாராகாததால் தள்ளிப்போன அறுவைகளைக் குறித்த எங்கள் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளோம். தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிருமிநீக்கப் பிரிவுப் பணியாளர்கள்