ரோங்கெலாப்பின் தேங்காயை வைத்துக் கணக்குப் போடுங்கள்

அமெரிக்க எரிசக்தித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தென்னந்தோப்பில் வளர்ந்தவன் நான். உங்கள் நாட்டு அணுகுண்டுச் சோதனைகளால் மாசுபட்ட ரோங்கெலாப், பிக்கினி என்ற பசிபிக் பவளத்தீவுகளில், அதாவது மார்ஷல் தீவுகளில், மக்களை மீண்டும் குடியேற்றுவது பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேங்காயைத்தான் தேடுகிறது.

குண்டு விட்டுச்சென்ற கதிரியக்கப் பொருளான சீசியம்-137ஐயும், மரத்துக்குச் சத்தான பொட்டாசியத்தையும் தென்னையின் வேருக்குப் பிரித்தறியத் தெரியாது. களிமண் இருந்தால் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பவளத்தீவு மண்ணில் களியும் இல்லை, பொட்டாசியமும் சொற்பம். பசித்த மரம் கிடைத்ததை இழுக்கிறது. இளநீர், தேங்காய், அதைத் தின்னும் தென்னை நண்டு, கடைசியில் மனித உடம்பு.

1954 மார்ச் 1 அன்று பிக்கினியில் 15 மெகாடன் பிராவோ ஹைட்ரஜன் குண்டை நீங்கள் வெடித்த சில மணி நேரத்தில் ரோங்கெலாப்பில் வெள்ளைத் தூள் பொழிந்தது. வெந்து பொடிந்த பவளம் அது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ஊர் மக்களை அமெரிக்கர்கள் ஏற்றிச் சென்றார்கள். 1957இல் "இனி அபாயமில்லை" என்ற சொல்லை நம்பி மக்கள் திரும்பினார்கள். 1985இல் 300க்கும் மேற்பட்டோர், கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலில், தாங்களாகவே ஊரைக் காலி செய்தார்கள். வீடுகளைப் பிரித்துப் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் எண்ணமிருப்பவர் வீட்டைப் பிரிப்பாரா?

பிக்கினியிலும் இதே கதைதான். 1968இல் அதிபர் ஜான்சன் அனுமதி கொடுத்தார்; சில குடும்பங்கள் குடியேறின; உடம்பில் சீசியம் ஏறியதால் 1978இல் மறுபடி வெளியேற்றப்பட்டன. அவர்கள் உள்ளூர் உணவை எவ்வளவு உண்பார்கள் என்று போட்ட கணக்கு பிசகியிருந்தது.

அந்தப் பிசகு மீண்டும் நேரக் கூடாது என்பதற்காகவே இம்மடல். ரோங்கெலாப் ஊரைச் சுற்றி மேல்மண்ணை அகற்றிப் பவளச் சல்லி பரப்பியதும் தென்னைக்குப் பொட்டாஷ் (பொட்டாசிய உரம்) இட்டதும் நல்ல வேலை. பொட்டாஷ் வைத்தால் காயில் சீசியம் வெகுவாகக் குறையும் என்பதை உங்கள் நாட்டு லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூட விஞ்ஞானிகளே காட்டியிருக்கிறார்கள். ஆனால் உரம் ஒருமுறை வைத்தால் தீர்கிற வேலையா? எங்கள் தோப்பில் ஒரு வருடம் விட்டாலே காய்ப்பில் தெரிந்துவிடும். சீசியம் பாதியாகவே 30 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் பொட்டாஷ் மூட்டையைக் கப்பலில் அனுப்பப் போவது யார்? அதை எழுத்தில் கொடுங்கள்.

ரோங்கெலாப்பின் வடக்குத் திட்டுகளில் மாசு இன்னும் அதிகம். அங்கே நண்டு பிடிக்கவும் காய் பொறுக்கவும் போகாதே என்று சொல்லிவிட்டு ஊரைத் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கெழுதாதீர்கள். மீள்குடியேற்ற உடன்பாட்டில், ஒருவர் உடம்பு ஏற்கும் கதிர்வீச்சுக்கு வரம்பாக ஆண்டுக்கு 100 மில்லிரெம் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று வைத்தீர்கள். மார்ஷல் தீவுகளின் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றதோ 15. அதே 15ஐ, டப்பா உணவைக் கணக்கில் சேர்க்காமல், உள்ளூர்த் தேங்காயும் நண்டும் தின்பவர்களை வைத்து அளந்து காட்டுங்கள். அந்த அறிக்கை மார்ஷலிய மொழியில், ஊர் திரும்பும் மக்கள் கப்பல் ஏறுமுன் அவர்கள் கைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி