கருப்பி குஞ்சுகளோடு வந்துவிட்டது

அம்மிணி,

நேற்று நீ அனுப்பிய "சாப்ட்டேன்மா" வந்தது. முந்தாநாள் வந்ததும் அதேதான், அதற்கு முந்தின நாளும் அதேதான். சரி, சாப்பிட்டால் சரி. போனில் கூப்பிட்டால் நான் எதையாவது கேட்டுவிடுவேன், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

முதல் சேதி, நம் கருப்பிக் கோழி வந்துவிட்டது. வெருகு தூக்கிவிட்டது என்று அப்பா முடிவே கட்டி, பாதி ராத்திரியில் அந்தப் பூனைக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தாரே, அந்தக் கருப்பிதான். கொறங்காட்டுக் கிளுவை வேலிக்குள் தானாகவே அடைபடுத்து, 8 குஞ்சு இறக்கிக்கொண்டு பெரிய மனுசி மாதிரி நடந்து வருகிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. தினமும் உச்சிப்பொழுதில் ஒரு தடவை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு வரும். இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, நான் இறைக்கிற கம்பை அள்ளி விழுங்கிவிட்டு, நாலு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவிடும். ஒரே ஒரு பெரிய எச்சம் போடும் பார், அந்த நாற்றத்திலேயே தெரிந்துவிடும் எங்கேயோ அடையில் இருக்கிறது என்று. பின்னாலேயே போய்ப் பார்த்தால் இடம் தெரிந்துவிட்டதென்று முட்டையை அப்படியே விட்டுவிடும், போகாதே என்று உன் அம்மிச்சி சொல்வாள். நான் போகவில்லை. காலண்டரில் 21 நாளைக்குப் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு வந்தேன்.

செவலைக் கோழியை வீட்டுக்குள் கூடையில் மணல் போட்டு 11 முட்டையில் வைத்தேன், 9 பொரித்தது, 2 கூமுட்டை. இந்த முறை ஏழாம் நாள் முட்டையை வெளிச்சத்தில் பார்க்கவில்லை, என் கண் முன்னைப் போல இல்லை. நீ நாலாவது படிக்கும்போது டார்ச் லைட்டின் மேல் முட்டையை வைத்து, இதில் நரம்பு ஓடுது, இதில் ஓடலை என்று கண்டுபிடித்து, பென்சிலில் குறித்து வைத்தவள். ஒன்றுகூடத் தப்பாகாது. அதை நான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ அனுப்பிய பணத்தில் கூண்டுக்கு வலை மாற்றிவிட்டோம். இந்த நேரத்தில் எதற்கு கண்ணு அத்தனை பணம்? கேட்டேனா நான்? முன்னால் இருந்த மெல்லிசு வலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், வெளியே நிற்கிறதைத் தடுக்க ஆகாது, நாய் ஒரே இழுப்பில் பிய்த்துவிடும். இப்போது வெல்டு வைத்த வலை, கண் சின்னது. கீரி தோண்டி நுழையாமல் இருக்க மண்ணுக்குள் ஒரு அடி இறக்கி, மேலே கல் அடுக்கியிருக்கிறோம். மேலேயிருந்து இறங்கித் தூக்குகிற பிராந்துக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா அமராவதி அணைப் பக்கமிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து முருங்கைக்கும் வேம்புக்கும் நடுவில் கட்டினார். அப்படியும் குஞ்சுகளை மூடி வைத்திருந்த கொடாப்பைத் திறந்த முதல் நாளே ஒரு குஞ்சு போச்சு. செவலை தொண்டைக்குள்ளேயே ஒரு மாதிரி உறுமியது, எட்டும் வேலிக்குள் ஓடிவிட்டன, ஒன்று மட்டும் கரையான் பொறுக்கிக்கொண்டே நின்றுவிட்டது. அதைத்தான் சொல்கிறேன், பொழுதோடு வீட்டுக்குப் போய்விடு. ஆபீஸில் ஒன்பது மணி வரை உட்காராதே.

நோய்க் கதை தனி. உன் அப்பா தையில் சந்தையிலிருந்து 2 விடைக்கோழி வாங்கி வந்து, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் அன்றைக்கே கூண்டுக்குள் விட்டார். மூன்று வாரமாவது தனியாகக் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்று 30 வருசமாகச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக 14 போச்சு. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிப் போட்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு அதெல்லாம் என் மனசுக்குத்தான். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மாசியில் கால்நடைத் துறை ஆட்கள் முகாம் போட்டு இலவசமாகத்தான் ஊசி போடுகிறார்கள், போன வருசம் பிடித்துக்கொடுக்கச் சோம்பல்பட்டது யார், நாங்கள்தான். இந்த வருசம் மிச்சம் இருந்ததற்கெல்லாம் இறக்கையில் போட்டாயிற்று. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும் விட்டாயிற்று. ஐஸில் வைத்து எடுத்துவர ஒரு பிளாஸ்க் வாங்கினேன், உன் பழைய ஸ்கூல் பிளாஸ்க் ஒழுகுகிறது.

வேறென்ன. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் நிறையக் குடி. பொழுதோடு வீடு போய்ச் சேர், எந்த வீடாக இருந்தாலும் சரி.

எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

பொங்கலுக்கு உனக்கு அனுப்பிய கம்பும் நாட்டுச் சர்க்கரையும் திரும்பி வந்துவிட்டது கண்ணு. அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று சொன்னார்களாம். கொரியர் பையன் கையெழுத்துக் கேட்டான், போட்டு வாங்கி உள்ளே வைத்தேன். அப்பாவிடம், பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டாள், அங்கேயே கிடைக்கிறதாம் என்றேன். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணவில்லை. உன்னையும் கேட்கவில்லை. கருப்பி மாதிரி, பின்னால் போனால் இடத்தை மாற்றிக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான். நீ வாயைத் திறந்து சொல்லிவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பயம்.

போன ஆடிப் பதினெட்டுக்கு நீ பெரிய பெட்டியோடு வந்தாய். இரண்டு நாள் நோம்பிக்கு யாராவது அத்தனை பெரிய பெட்டி எடுத்து வருவார்களா? வாசலில் இறங்கும்போதே பார்த்துவிட்டேன். சாயங்காலம் கூண்டைச் சாத்தும்போது பக்கத்தில் வந்து நின்று, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமாம்மா என்றாய். நான் திரும்பிப் பார்க்காமல், ஒன்று குறையுதே, மரத்தில் ஏறிவிட்டதா பார் என்றேன். எதுவும் குறையவில்லை. 23ம் உள்ளேதான் இருந்தது. சத்துணவில் 27 வருசம் முட்டை எண்ணிப் போட்டவளுக்கு அது தெரியாதா? மறுநாள் தூக்குவாளியில் தவிடு போட்டு 30 முட்டையை அடுக்கிக் கொடுத்து உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஆவணியில் உன் அத்தை வீட்டுக் கல்யாணம், நீ தனியாக நின்றால் நாலு பேர் கேட்பார்களே என்றுதான் இருந்தது எனக்கு. காலையில் போன் பண்ணி, முட்டை உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்றேன். இரண்டு மட்டும் விரிசல்மா என்றாய்.

நடு அறையில் இருந்த நெல் மூட்டையை எடுத்துவிட்டேன். ஃபேன் ஓடுகிறது, சத்தம்தான் கொஞ்சம் அதிகம். உன் அப்பாவிடம் நான் இன்றைக்குச் சொல்லிவிடுவேன், சந்தையிலிருந்து வந்து சாப்பிடட்டும். கத்துவார், பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார், உனக்குத் தெரியுமே.

ராத்திரி பஸ் நாலரைக்கு வருகிறது. ஆட்டோ பிடிக்காதே, அப்பா வண்டியில் வந்து நிற்பார். ஒருவேளை நீயாகவே வந்துவிட்டால், வாசலில் நாய் இருக்கும், வெருகுக்காகப் புதுசாக வளர்க்கிறோம், உன்னைத் தெரியாது, குரைக்கும். பேர் மணி. பேரைச் சொல்லிக் கூப்பிடு, பேசாமல் படுத்துக்கொள்ளும்.

அம்மா