செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வரும் ஆலைகளும் இருக்கும் பட்டறைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். ஓசூர் வட்டாரத்தில் சிறுதொழில் செய்துவரும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நடந்த கூட்டங்களையும் கொடுத்த மனுக்களையும் தேதிவாரியாகச் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். ஆனால் இந்த ஆண்டு ஏறத்தாழ எல்லாக் கூட்டங்களிலும் ஒரே பேச்சுதான் வந்துகொண்டிருந்தது. தொழிலை அழைத்துவர மாநில அரசு என்ன செய்கிறது, அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை நிலைக்கிறது என்பதே அது. ஆகவே அறிக்கையையும் அதையொட்டியே எழுதியிருக்கிறேன். கூட்டங்களின் விவரம் பதிவேட்டில் உள்ளது, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம்.

அரசு அழைத்தால் தொழில் வருமா என்று கேட்பவர்களுக்கு ஓசூரைத் தவிர வேறு சான்று தேவையில்லை. 1971-இல் தொடங்கப்பட்ட, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட், அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த இந்த ஊரில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தபோது, இது பின்தங்கிய பகுதி என்று பட்டியலிடப்பட்ட வானம் பார்த்த பூமி. பின்தங்கிய பகுதிக்கான மானியமும், மனையோடு சேர்ந்து வந்த சாலையும் மின்சாரமும், 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரும் சேர்ந்துதான் அசோக் லேலண்டையும் டிவிஎஸ் மோட்டாரையும் இங்கே கொண்டுவந்தன. டைட்டன் விஷயத்தில் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. 1984-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ, டாடா குழுமத்தோடு பங்குதாரராகவே சேர்ந்தது. இன்றும் ஏறத்தாழ 28 விழுக்காடு பங்கு டிட்கோவிடம் இருக்கிறது. சலுகையாகக் கொடுத்த பணம் கொடுத்ததோடு போய்விடும். பங்காகப் போட்ட பணம் ஊருக்கு வேலையையும் அரசுக்கு ஈவுத்தொகையையும் இன்றுவரை தந்துகொண்டிருக்கிறது. இந்த வழியை அரசு ஏன் இப்போது அதிகம் பேசுவதில்லை என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

அந்தப் பெரிய ஆலைகள் இல்லாவிட்டால் நாமும் இல்லை என்பதை மறந்துவிட்டு எதையும் பேசக் கூடாது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் அந்த ஆலைகளின் டூல் ரூமில் வேலை பழகி, பின்பு ஒரு பழைய லேத்தை வாங்கிப்போட்டு ஜாப் ஒர்க் தொடங்கியவர்கள்தாம். எனவே புதிய ஆலைகள் வருவதை நம் சங்கம் எதிர்க்கவில்லை. எதை வைத்து அந்த வெற்றியை அளக்கிறார்கள் என்பதில்தான் நமக்கு மாறுபாடு உண்டு. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் வழியாக 6,64,180 கோடி ரூபாய் முதலீடு அறிவிக்கப்பட்டது. நேரடி வேலை 14.5 லட்சம் பேருக்கும், மறைமுக வேலை 12 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கும் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு நேரடி வேலைக்கு ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய் முதலீடு ஆகிறது. தகடு அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு வேலை தர இதில் எவ்வளவு சிறிய பகுதி போதும் என்று இந்த அவையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. முதலீட்டுத் தொகையைப் பார்த்து மூலதன மானியம் கொடுத்தால் ஆட்களைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டுபவருக்கே அதிகம் போய்ச் சேரும். வேலைக்குச் சேர்த்து, வருங்கால வைப்பு நிதி கட்டி, மூன்று ஆண்டு நிலைத்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுத்தால் கணக்கே மாறும். இதில் அரசு சரியாகச் செய்த இடமும் உண்டு. 2022-இல் காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, கைவேலை அதிகம் தேவைப்படும் தொழிலை, அதுவரை ஆலை அதிகம் காணாத பெரம்பலூர் போன்ற மாவட்டத்துக்கு அனுப்பியது அப்படிப்பட்டது.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். இவ்வாண்டு நாம் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். ஆர்டர் கூடியதால் வங்கிக் கடனில், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரம் ஒன்றை வாங்கிய நம் உறுப்பினர் ஒருவர், கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தார். அவர் தெருவில் இருந்த டிரான்ஸ்பார்மர் தாங்காது, புதிது வர வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். இயந்திரம் தார்ப்பாய்க்குள் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. அதை ஓட்டுவதற்கென்று எடுத்துப் பழக்கிய இரண்டு பையன்களில் ஒருவன் மூன்றாம் மாதமே வேறிடம் போய்விட்டான். துணைத் தலைவரும் நானும் பார்க்கப் போன அன்று தார்ப்பாயைத் தூக்கினால் கண்ட்ரோல் பெட்டியின் மேல் அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து கூடு வைத்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2018-ஆம் ஆண்டு தொழில் எளிதாக்கும் சட்டம் உரிமங்களுக்கும் இணைப்புகளுக்கும் காலக்கெடு வைத்திருக்கிறது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் சாளரம் ஒன்றாக இருந்து என்ன, கம்பி வந்து சேர வேண்டிய தெருவில் டிரான்ஸ்பார்மர் இல்லையென்றால் திரையில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய ஆலை வரும்போது துணை மின்நிலையமே முன்கூட்டித் திட்டமிடப்படுகிறது. அதே கவனத்தில் நூறில் ஒரு பங்கு பழைய பேட்டைகளின் தெருக்களுக்கும் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஒற்றைச் சாளரக் குழுவிலும், மாவட்டத் தொழில் மையத்திலும் மனு கொடுத்தோம். அந்த உறுப்பினருக்கு எட்டாம் மாதம் இணைப்பு கிடைத்தது. பொதுவான கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் உயர்வில் நிலைக்கட்டணமும் பீக் ஹவர் கட்டணமும் சேர்ந்து வந்த அடியிலிருந்து மீள்வதற்குள், 2024 ஜூலையில் மேலும் 4.83 விழுக்காடு கூடியது. ஆர்டர் இல்லாத மாதத்திலும் கட்டியாக வேண்டிய நிலைக்கட்டணம்தான் சிறு பட்டறைக்கு உண்மையான பாரம். புதிய முதலீட்டாளருக்கு முதல் சில ஆண்டுகள் மின்வரி விலக்கு உண்டு. இருபது ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டிவருபவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்தது பாக்கித் தொகை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால், பொருள் வாங்கிய நிறுவனம் அந்தச் செலவை அவ்வாண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது என்ற வருமான வரிப் பிரிவும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இதனால் மார்ச் மாதக் கடைசியில் நம் உறுப்பினர்கள் பலருக்குப் பழைய பில்கள் ஒருசேர வந்தது உண்மை. வேறு சிலரிடம், குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால் ஆர்டர் தொடரும் என்று கொள்முதல் பிரிவிலிருந்து தொலைபேசி வந்ததும் உண்மைதான். இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தில் மனு போடலாம்; ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியும் கேட்கலாம். ஆனால் மனு போட்ட மறுநாள் ஆர்டர் யாருக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனவே மாநில அரசிடம் நாம் ஒரு கோரிக்கையை வைத்தோம். சிப்காட் நிலமும் ஊக்கச்சலுகையும் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், தனக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு வென்டார்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்ததாக ஆண்டுதோறும் சான்று தந்தால் மட்டுமே அடுத்த தவணைச் சலுகை விடுவிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். இவ்வாண்டு எழுதிய மனுக்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுவே. 2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவரும் ‘சிறு’ நிறுவனமாகிவிட்டதால், அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டிய நம் குறு நிறுவனங்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இன்னும் அவசியமாகிறது.

ஆட்கள் விஷயத்தில் நம் நிலை சற்றுச் சங்கடமானது. விடியற்காலையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகளைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது; நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தியல்ல. அதேநேரம், நாம் பழக்கிய பையன்களைப் பெரிய ஆலை எடுத்துக்கொள்கிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூடுதல் சம்பளம் கிடைத்தால் நாமும் போயிருப்போம். நாம் கேட்பதெல்லாம், பழக்கும் செலவில் அரசு பங்கெடுக்க வேண்டும் என்பதுதான். அரசு ஐடிஐக்களில் 71-ஐ 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்தியது நல்ல வேலை. அங்கே ரோபோ ஓட்டிப் பழகிய பையனுக்கு நம் பட்டறையின் கைலேத்தில் ஒரு மாதமாவது அப்ரண்டிஸ் பயிற்சி கொடுத்தால் இரு பக்கமும் பயன் உண்டு. தங்குமிடமும் இதைச் சேர்ந்ததே. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓசூரில் வாடகை ஏறும் வேகத்தைப் பார்த்தால், அப்படி ஒரு விடுதி இங்கே, சிறு பட்டறைத் தொழிலாளருக்கும் இடம் தரும் வகையில் கட்டப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அண்டை மாநிலங்களின் போட்டி பற்றி இளைய உறுப்பினர்கள் கவலை தெரிவித்தார்கள். விசாகப்பட்டினத்தில் 21 ஏக்கரை 99 காசுக்கு டிசிஎஸ் நிறுவனத்துக்கு ஆந்திர அரசு கொடுத்ததும், 2025-30 கொள்கையில் 20 லட்சம் வேலைகளைக் கர்நாடகம் இலக்காக வைத்ததும் நமக்குத் தெரியும். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம் என்பதால் நம்மவர் சிலர் அந்தப் பக்கம் மனை பார்த்ததும் உண்டு. ஆனால் விலையில் மட்டும் போட்டிபோட்டால், நம்மைவிட ஒரு காசு குறைப்பவர் எப்போதும் இருப்பார். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சலுகை அந்த ஆலையைப் பிடித்து வைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதே வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்யத் தொடங்கியதற்குக் காரணம், அந்த வட்டாரத்தில் பழகிய கைகளும் துணைத்தொழிலும் துறைமுகச் சாலையும் அப்படியே இருந்ததுதான். ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதை வரவேற்று நன்றிக் கடிதம் அனுப்பினோம். அதே உறையில் நம் பேட்டையின் மழைநீர்க் கால்வாய் அடைப்பு பற்றிய மனுவையும் வைத்தோம் என்பதைச் செயலாளராகக் கொஞ்சம் பெருமையோடு பதிவு செய்கிறேன். கடிதத்துக்குப் பதில் வந்தது. கால்வாய்க்கு ஆள் வரவில்லை.

சங்க அலுவல்களில், புதிய தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டம், 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க உதவும் மேசை ஒன்றை ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் அலுவலகத்தில் நடத்திவருகிறோம். வங்கியில் திட்ட அறிக்கை திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்காததே என்பதை இதில் கற்றுக்கொண்டோம். அந்த மேசையில் உட்கார இரண்டு தன்னார்வலர் தேவைப்படுகிறார்கள்.

மின்பளு, 45 நாள் சான்று, தொழிலாளர் விடுதி ஆகிய மூன்று தீர்மானங்களும் அச்சிட்டு உங்கள் இருக்கைகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின்மீது விவாதம் முடிந்ததும் பொருளாளர் வரவுசெலவுக் கணக்கை வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்