வரிசையை மாற்றிவிட்டேன்

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். வீட்டில் எல்லாரும் நலம். பெரியவள் படிவம் ஐந்து, இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை. சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த லயங்களை எல்லாம் இடித்துவிட்டார்கள். நம் ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உறுமி மாமாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதுடா. தைப்பூசம் முடிந்து பத்தாவது நாள். காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஈப்போவில் மூன்று வாரம் படுத்திருந்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பேச்சு வந்துவிட்டது, கொஞ்சம் குழறுகிறது. வலது கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் சொல்ல முடியவில்லை.

நம் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டனின் மேடைக் கச்சேரி ஆல்பங்களுக்கு நீ போட்டு அனுப்பிய வரிசையை அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். ராக் இன் ரியோ முதலிடம், லைவ் ஆஃப்டர் டெத் மூன்றாம் இடம்! படித்ததும் உடனே ஜொகூருக்கு பஸ் ஏறி வந்து உன்னோடு சண்டை போடத் தோன்றியது. ரியோவில் 2001 ஜனவரியில் இரண்டரை லட்சம் பேர் கூடியிருந்தார்கள், பாடகர் ப்ரூஸும் கிதார்காரர் ஏட்ரியனும் குழுவுக்குத் திரும்பி வந்தபின் மூன்று கிதார் சேர்ந்த முழு பலம், 'ஃபியர் ஆஃப் த டார்க்' மெட்டையே கூட்டம் பாடுகிறது. எல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கூட்டத்தைக் கேட்டு மார்க் போட்டிருக்கிறாய். நான் மேளத்தைக் கேட்டு மார்க் போடுகிறவன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் கோலாலம்பூரில் இருந்து லைவ் ஆஃப்டர் டெத் இரட்டை எல்பி இசைத்தட்டைக் கொண்டுவந்த வருடம். ஒரு சாயங்காலம் நாம் சத்தமாக வைத்திருந்தபோது மாமா வந்து வாசலில் நின்றார். திட்டப் போகிறார் என்று நீ ஊசியைத் தூக்கப் போனாய். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். 'ஏசஸ் ஹை' முடியும்வரை நின்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒத்தைக் காலாடா இது?"

நமக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஒற்றைக் கால்தான். மற்ற மெட்டல் மேளக்காரர்கள் தரையில் வைத்த பெரிய மேளத்தை இரண்டு காலாலும் மிதித்து உருட்டுவதை மெய்டனின் மேளக்காரர் நிக்கோ ஒரே பெடலில், வலது காலால் மட்டும் அடிப்பார். அதுவும் வெறுங்காலோடு. இதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டு மாமாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "செருப்பு போட்டுக்கிட்டு எவன் வாசிப்பான்" என்றார்.

அதனால்தான் லைவ் ஆஃப்டர் டெத் எனக்கு எப்போதும் முதலிடம். 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 ஜூலை வரை 180க்கும் மேல் கச்சேரி செய்த பயணம் அது. கலிபோர்னியா லாங் பீச்சில் மார்ச் மாதம் பதிவு செய்யும்போது பாதிப் பயணத்துக்கு மேல் முடிந்துவிட்டது. களைப்பு தெரிகிறது, ப்ரூஸ் சில இடத்தில் உச்ச சுரத்தை எட்டிப் பிடிக்கத் திணறுகிறார். மேளம் மட்டும் ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை. 'ரைம் ஆஃப் த ஏன்ஷியன்ட் மாரினர்' கேள். நடுவில் எல்லாம் அடங்கிப்போய், பேச்சுக் குரல் மட்டும் கேட்டு, அப்புறம் மெல்ல மெல்ல ஏறும் இல்லையா, அந்த இடம். சாமி அழைக்கும்போது மாமா உறுமியை அடக்கி அடக்கி ஏற்றுவாரே, அதேதான். கூட்டம் மூச்சை நிறுத்திக் காத்திருக்கும். ஏறுகிற நேரத்தை அரை நொடி முன்னால் கொடுத்தாலும் அருள் வராது. ரியோவில் எந்தப் பாட்டிலும் இந்தக் காத்திருப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கிய முதல் லைவ் ஆஃப்டர் டெத் சிடியில் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் பதிவான கடைசி ஐந்து பாட்டுகள் இல்லை. 1998ல் இரட்டை சிடியாக வந்தபோதுதான் சேர்த்தார்கள். எல்பியின் நான்காம் பக்கத்து 'ஃபேண்டம் ஆஃப் த ஓப்ரா'வை நான் மனப்பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வருடங்களில் நீ அரை ஆல்பத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறாய். மூன்றாம் இடம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

'மெய்டன் இங்கிலாந்து' ஆல்பத்தை நீ ஆறாவதாகப் போட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. 1988 நவம்பர், பர்மிங்காம். ஏட்ரியன் முதல்முறை விலகுவதற்கு முன் அந்த ஐவரும் சேர்ந்து பதிவான கடைசி மேடை. 'இன்ஃபினிட் ட்ரீம்ஸ்' எவ்வளவு பதமாகத் தொடங்குகிறது! 1993ல் வந்த 'எ ரியல் லைவ் ஒன்', 'எ ரியல் டெட் ஒன்' ஜோடியைக் கடைசியில் தள்ளியிருக்கிறாய், அதில் நமக்குள் தகராறு இல்லை. டொனிங்டன் ஆல்பத்தை அதற்கு மேலே வைத்ததும் நியாயம். டெத் ஆன் த ரோடு, என் விவோ இரண்டையும் நீ எங்கே வைத்தாலும் எனக்குச் சரி.

இப்போது நான் மாற்றிய இடம். நைட்ஸ் ஆஃப் த டெட். 2019 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் பதிவானது, 2020ல் வந்தது. நாம் இரண்டு பேரும் ஒரு தடவை கேட்டு ஓரமாக வைத்த ஆல்பம். போன மாதம் மாமாவுக்குத் துணைக்கு இருந்த ஒரு ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. போனில் அதை வைத்தேன். லாங் பீச் போலவே வின்ஸ்டன் சர்ச்சிலின் பேச்சோடு தொடங்கி அதே 'ஏசஸ் ஹை'. 1985ல் நிக்கோவுக்கு 32 வயது, மெக்சிகோவில் 67. வேகம் பழையபடி இல்லை. ஆனால் அடி ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காருகிறது. அடுத்த பாட்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்'. இளம் வயதுக்காரனுக்கே கால் வலிக்கும் பாட்டு அது. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது கை விரல் மட்டும் போர்வையில் தட்டிக்கொண்டிருந்தது.

நான் அவரிடம் சொன்னேன்: இந்த நிக்கோவுக்கும் 2023 ஜனவரியில் வாதம் வந்தது, வலது பக்கம்தான், தோளிலிருந்து கை விழுந்துவிட்டது. மே மாதக் கடைசியில் திரும்ப மேடையில் உட்கார்ந்துவிட்டார். 2024 டிசம்பர் 7ல் சாவோ பாவ்லோவில் வாசித்துவிட்டு, இனிமேல் பயணம் போதும் என்று நிறுத்திக்கொண்டார். இப்போது அவர் இடத்தில் சைமன் டாவ்சன் வாசிக்கிறார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மே மாசமா? அப்ப நாலு மாசம்" என்றார். விரல் விட்டு எண்ணியிருக்கிறார்.

அந்த ராத்திரியிலிருந்து நைட்ஸ் ஆஃப் த டெட் எனக்கு இரண்டாம் இடம். மெய்டன் இங்கிலாந்து மூன்று, ரியோ நான்கு. பரிதாபப்பட்டு மார்க் போட்டதாக நீ சொல்வாய். இல்லை. சின்ன வயதில் வேகமாக அடிப்பவனைத்தான் பெரிய வாத்தியக்காரன் என்று நினைத்தோம். எத்தனை அடியை விட்டுவிடலாம் என்று தெரிந்தவனின் வாசிப்பு எனக்கு இப்போதுதான் காதில் விழுகிறது. மாமாவின் கடைசிப் பத்து வருட வாசிப்பும் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் நின்று பம்பை அடித்துக்கொண்டே அதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அதுதான் மச்சான் மனதை அறுக்கிறது.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா. உறுமியை நான் எடுக்க வேண்டும் என்று பையன்கள் சொல்கிறார்கள். மாமாவின் உறுமியையே தோளில் மாட்டச் சொல்கிறார்கள். அடிக்கும் கை எனக்குப் பழக்கம். இழுக்கும் கைதான் இன்னும் வரவில்லை, வளைந்த குச்சி தோலில் வழுக்குகிறது. தினமும் சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து பழகுகிறேன். நேற்று நான் இழுத்ததைக் கேட்டுவிட்டு குச்சியை வாங்கினார். இடது கையால் ஒரு தடவை இழுத்துக் காட்டினார். சின்னச் சத்தம்தான். ஆனால் அது உறுமியது.

நீ லீவு போட்டு வந்துவிடு. சிங்கப்பூரில் 2011ல் மெய்டனைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோமே, அதே பஸ் இப்போதும் ஈப்போவுக்கு ஓடுகிறது. வரும்போது ரியோ சிடியைக் கொண்டு வா. மாமா அதை இன்னும் கேட்டதில்லை. நான்காம் இடம் சரியா தப்பா என்று அவரே சொல்லட்டும்.

உன்,
பம்பைக்காரன்